பாட்டு நின்ற பிறகு

சவ வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி முதல் அடி எடுத்து வைத்ததுமே அது தலைப்பக்கம் தாழ்ந்து ஒரு ஆட்டம் ஆடியது. முன்னாலும் நடுவிலும் நின்ற நான்கு பேரும் சொல்லிக்கொடுத்தபடி வலது காலை வைத்தார்கள். தலைமாட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்ற மெர்வியும் தம்பி கிம்மோவும் முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, இடது காலில் கிளம்பிவிட்டார்கள்.

"வலது கால்னு சொன்னேனே," என்றார் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர், துக்க வீட்டாரிடம் பேசும் அந்த மெத்தென்ற குரலில்.

இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். இத்தனை வருஷமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இன்று ஒத்துப்போனார்கள், அதுவும் தப்பான காலில். பெட்டிக்குள் இருந்த அப்பா தோர்ஸ்தி பார்த்திருந்தால் கண்டிப்பாக மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்.

தோர்ஸ்தி பனி நடன நடுவர், சறுக்குக் காலணி மாட்டி ஜோடி ஜோடியாகப் பனித்தரையில் ஆடுகிறவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர். ஆயுள் முழுக்க அரங்கின் ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, யார் தாளத்துக்குப் பிந்துகிறார், யார் முழங்காலை மடக்கவில்லை, எந்த ஜோடி போன வருஷத்தைவிட நெருங்கியிருக்கிறது, எந்த ஜோடி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்து அந்தக் கண் வேறு எதற்கும் லாயக்கில்லாமல் போய்விட்டது. கடையில் தள்ளுவண்டி தள்ளும் புருஷன் பெண்டாட்டியைக்கூட விடமாட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது, கண்ணைத் திறக்காமலே, "இடப்பக்கத்துப் பொண்ணு கொஞ்சம் பிந்துறா," என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து மெர்வியிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். மெர்வியும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

ஊரார் எல்லாருக்கும் மதிப்பெண் போட்ட மனிதர் தன் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டதில்லை. போடவும் கூடாது, சொந்தப் பிள்ளைகள் ஆடும்போது நடுவர் எழுந்து போய்விட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் எழுந்து காப்பி குடிக்கப் போவார்கள். தோர்ஸ்தி கட்டடத்தை விட்டே வெளியேறி விடுவார். வீட்டிலும் மூச்சு விடமாட்டார். சின்ன வயதில் அக்காளும் தம்பியும் சேர்ந்து பனியில் இறங்கியதிலிருந்து பிரிந்த நாள்வரை, நன்றாக ஆடினீர்கள் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேர்மை இருக்க வேண்டியதுதான், அதற்காகப் பெற்ற மகளிடம்கூடவா என்று மெர்விக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

பிரிந்ததற்குக் காரணம் உயரம். ஒரே கோடையில் மெர்வி மளமளவென்று வளர்ந்து தம்பியை மிஞ்சிவிட்டாள். கிம்மோவுக்கு ஹெல்சிங்கியில் குள்ளமான ஒரு பெண் ஜோடியாகக் கிடைத்தாள். அதை அவன் அக்காளிடம் சொல்லவில்லை. பயிற்சியாளர்தான் போனில் சொன்னார். அன்றிலிருந்து இருவரும் கிறிஸ்துமஸுக்குச் சந்தித்துப் பனிப்பொழிவைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறவர்கள்.

தேவாலயத்துக்குள் ஆர்கன் வாசித்தவர் தாளத்தை இழு இழு என்று இழுத்தார். மூன்றாவது வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் கைக்கடிகாரத்தையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போய் மலர்களை வைத்து, அவற்றில் கட்டியிருந்த நாடாவின் வாசகத்தை உரக்கப் படித்தார்கள். நடுவர்கள் சார்பில் படித்தவள் இர்மெலி. தோர்ஸ்தியுடன் காலமெல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள். படித்துவிட்டுத் திரும்பும்போது மெர்வியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பெட்டிக்கு அடியில் துணிப் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மெர்வி அவளைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போனாள். இனிமேல் கேட்க வேறு ஆள் கிடையாது.

"நாங்க ஆடினதப் பத்தி அப்பா உங்ககிட்டயாவது ஏதாவது சொல்லியிருக்காரா?"

"அவன் பாத்தாத்தானே சொல்ல. கார்ல போய் உக்காந்துக்குவான்," என்றாள் இர்மெலி. "நீங்க ஆடி முடிச்சதும் நான் வாசலுக்கு வரணும். மார்க் என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. பாட்டு நின்னப்புறம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிச்சா, அது மட்டும்தான் அவனுக்குத் தெரியணும்."

மெர்விக்குப் புரியவில்லை.

"பாட்டு ஓடுறப்ப எல்லாரும்தான் பாத்துக்குவாங்க, அதுக்கு மார்க் இருக்குல்ல. நின்னப்புறம் பாக்குறதுதான் ஜோடின்னு சொல்லுவான். நான் வாசல்ல நின்னு ஆமான்னு தலையாட்டுவேன். உடனே உங்களுக்காக வண்டிய சூடு பண்ண ஆரம்பிச்சுருவான்."

"கடைசிப் போட்டியில?"

இர்மெலி கையுறையைச் சரிசெய்தாள். "அன்னிக்கு இல்லன்னு ஆட்டினேன்," என்றாள். பெட்டியைத் தூக்கும்போது தலைமாட்டில் பிள்ளைகள் இருவரும்தான் நிற்க வேண்டும் என்று தோர்ஸ்தி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் தன்னிடம் சொல்லி வைத்திருந்ததையும் சொன்னாள்.

மெர்விக்கு அப்பா மீது இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தின் முடிவில் அவள் தரையைப் பார்த்தாள், கிம்மோ பயிற்சியாளரைப் பார்த்தான். அப்பா காரில் குளிரில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது அவள் எதைத் திருத்த முடியும்?

வெளியே கல்லறைப் பாதை கண்ணாடியாகக் கிடந்தது. நேற்றைய மழை உறைந்து, தூவிய மணலையும் விழுங்கியிருந்தது. வலது கால், வலது கால் என்று ஏற்பாட்டாளர் முணுமுணுத்தபடியே முன்னால் நடந்தார். உயரமான மெர்வியின் பக்கம் பெட்டி தூக்கலாக இருக்கும் என்று அவருக்குக் கவலை. அவளோ முழங்காலை மடக்கித் தம்பியின் உயரத்துக்கு இறங்கி, அப்படியே நடந்தாள். தொடை எரிந்தது. ஆனால் இப்போது பெட்டி அவள் பக்கம் தாழ்ந்து இருந்தது. கிம்மோ எப்போது வளர்ந்தான் என்று அவளுக்கு ஆச்சரியம்.

பிர்ச் மரங்கள் தாண்டி பாதை இறங்கும் இடத்தில் கிம்மோவின் கால் வழுக்கியது. அவன் பக்கம் பெட்டி சரியப் போனது. மெர்வி யோசிக்கவில்லை. இன்னும் தாழ்ந்து, பட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"முழங்கால்," என்றாள்.

அவன் மடக்கினான். சறுக்குக் கத்தியில் நிற்பதுபோல் கால் தானாகவே ஒரு விளிம்பைப் பிடித்து நின்றது. முன்னால் போன நான்கு பேருக்கும் பின்னால் நடந்தது எதுவும் தெரியவில்லை. மெர்வி அப்போதுதான் அவன் காலைப் பார்த்தாள். வழவழவென்ற புது ஷூ, மூன்று விரல் உயரத்துக்கு அடிப்பாகம்.

"இந்தப் பனியில எவனாவது இத மாட்டிட்டு வருவானாடா?"

கிம்மோ நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தான். காது சிவந்திருந்தது. "உன் உயரத்துக்கு வரணும்னு வாங்கினேன்," என்றான்.

அவன் ஏறுவதற்காக வாங்கி மாட்டியிருக்கிறான், அவள் அவனுக்காக இறங்கி நடந்திருக்கிறாள். அதனால்தான் பெட்டி நேராகவில்லை. மெர்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. பின்னால் வந்தவர்கள் பாவம், அழுகிறாள் என்று நினைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபக்கம் கிம்மோவின் தோளும் குலுங்க ஆரம்பித்தது. அவள் முழங்காலைக் கொஞ்சம் நிமிர்த்தினாள், பெட்டி சமமானது.

குழியருகே ஆறு பேரும் பட்டைகளைக் கையில் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். யாரும் எண்ணிச் சொல்லவில்லை. தலைமாட்டில் இருவர் கைகளும் ஒன்றாகவே இறங்கின. பெட்டி அடியைத் தொட்டது. பட்டைகளை விட்டார்கள். பாதிரியார் ஜெபத்தை முடித்தார், தேவாலய மணியும் நின்றது. இனி காப்பிதான், சாண்ட்விச் கேக்தான் என்று மற்ற நால்வரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

மெர்வி குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கத்தில் கிம்மோ ஏற்கனவே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இர்மெலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியின் ஓரம்வரை வந்தாள். குளிருக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்து, ஆமாம் என்று ஒரு முறை தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.