குற்றாலத்து லாட்ஜுக்கு இரண்டாவது வழி

மைத்துனி கல்யாணத்துக்குச் செங்கோட்டைக்கு வந்திருந்த பால்வண்ணநாதன், மண்டபத்தில் நாதஸ்வரத்தை மிஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார். தென்காசியில் அவருக்கு நெட்வொர்க் வேலை. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் கேட்வேயில், அதாவது விடுதி முழுவதற்கும் இன்டர்நெட் நுழைகிற அந்த ஒற்றைப் பெட்டியில், போன வாரம்தான் சிம் போட்ட மோடம் ஒன்றைச் செருகியிருந்தார். மெயின் லைன் செத்தாலும் மோடம் வழியாக எங்கிருந்தும் உள்ளே போய்ச் சரிசெய்யலாம். மச்சினன் தேவா போலீஸ்காரன். வாக்குமூலம் கேட்கிற பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் சமீனா போன் செய்தாள். இன்டர்நெட் லைன்காரர்கள் ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டார்கள், நெட் இல்லை, புக்கிங் எதுவும் தெரியவில்லை, சீசன் கூட்டம் முன்னால் நிற்கிறது என்றாள். வருத்தம் வரவேண்டிய இடத்தில் பால்வண்ணநாதனுக்குச் சந்தோஷம் வந்தது. கல்யாணத்துக்கும் தூக்கி வந்திருந்த லேப்டாப்பைத் திறந்தார். மனைவி பொன்செல்வி பார்த்த பார்வையைத் தவிர்த்தார். மோடம் வழியாக உள்ளே போயும்விட்டார். தேவாவின் புருவம் உயர்ந்தது.

அத்தோடு புது செட்டிங்கைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போயிருக்கலாம். ஆனால் வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டும்படி கேட்வே திறந்து கிடப்பது கண்ணில் பட்டது. போலீஸ்காரன் பக்கத்தில் இருக்கும்போது இப்படியொரு ஓட்டையா? ‘வெளியிலிருந்து வரும் எல்லாரையும் தடு’ என்ற கட்டத்தில் டிக் அடித்துச் சேமித்தார். திரை உறைந்தது. தானும் வெளியேதான் இருக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மோடம் போய்ச் சேர்வதும் அதே பெட்டியில்தான். அந்த வழியும் அடைபட்டது.

“உள்ள போயாச்சா அத்தான்?” என்றான் தேவா.

“போயிட்டு வந்துட்டேன்,” என்றார்.

பட்டு வேட்டியோடு பைக்கை எடுத்தார். சாரல் விடவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் துண்டோடு போனவர்கள்கூட அவரளவுக்கு நனைந்திருக்கவில்லை. லாட்ஜ் வரவேற்பில் கூட்டமே இல்லை. சமீனா தன் போனிலிருந்தே நெட் கொடுத்து, புக்கிங்கைப் பார்த்து, எல்லாரையும் அறைக்கு அனுப்பியிருந்தாள்.

“மெயின் லைன் போனா பேக்கப் வரும்னு சொன்னீங்க அண்ணே,” என்றாள். “இப்போ நீங்கல்லா வருதீங்க.”

விளக்கம் சொல்ல வாயெடுத்தவர், மூக்கு நுனியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

லேப்டாப்பிலிருந்து கேட்வேக்கு நேராகக் கேபிளை மாட்டி டிக்கை எடுத்தார், லைனைச் சரிசெய்தார். பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். மோடத்தைக் கேட்வேயிலிருந்து பிடுங்கி, தனியாக ஒரு சின்னக் கணினியில் மாட்டினார். அந்தக் கணினியிலிருந்து கேட்வேயின் கன்சோல் துளைக்கு, அதாவது நெட் இல்லாமலே பெட்டியோடு நேராகப் பேசுவதற்கான துளைக்கு, ஒரு கேபிள் இழுத்தார். அந்த வழிக்குக் கேட்வேயின் தடை எதுவும் பொருந்தாது. சோம்பல்பட்டு அந்தக் கணினியை இத்தனை நாளும் பைக் பெட்டியிலேயே வைத்துச் சுற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய டிக்கை வேண்டுமென்றே அடித்துவிட்டு ரோட்டுக்குப் போய் நின்று, சமீனாவை மெயின் கேபிளை உருவச் சொன்னார். போனில் புது வழியாக உள்ளே போனார். கதவு திறந்தது. டிக்கை எடுத்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் செய்து பார்த்தார்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்செல்வி இலை போட்டாள்.

தேவா எதிரே வந்து உட்கார்ந்தான். “எப்படி அத்தான் சரி பண்ணுனீங்க?”

சொல்ல நிறைய இருந்தது. “சாப்ட்டுட்டுச் சொல்லுதேன்,” என்று சோற்றைப் பிசைந்தார்.