கொட்டகைக்குப் பின்னால் கால் ஏக்கர்

ராலி எக்லண்ட் மான்களுக்காக விதைத்த இடம் கொட்டகைக்குப் பின்னால், காட்டின் ஓரத்தில் கால் ஏக்கர்கூட இருக்காது. அமெரிக்காவில், விஸ்கான்சினில் அவர்கள் பக்கத்து வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு துண்டு நிலத்தை, மானை வரவழைக்கத் தீனி விதைத்து ஒதுக்குவார்கள். ராலி ஒதுக்கியது தனக்காக அல்ல, மனைவி ஜனெல்லுக்காக.

அந்த வீட்டில் குறி தவறாதவள் அவள்தான். வருஷாவருஷம் குளிர்பெட்டியை நிரப்பியது அவளுடைய துப்பாக்கி. மார்ச்சில் வந்த பக்கவாதம் இடது கையிலும் காலிலும் பாதி பலத்தைக் கொண்டுபோய்விட்டது. ஓடைக்கு அப்பால் மேட்டில், மரத்தோடு சாய்த்துக் கட்டிய அவளுடைய வேட்டைப் பரணுக்கு இனி ஏற முடியாது.

"நான் மான்கிட்ட போக முடியலேன்னா அது என்கிட்ட வரட்டும்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். ராலி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பினான், சுண்ணாம்பு தூவினான். ஆகஸ்டில் மழைக்கு முந்தின நாள் டர்னிப் கிழங்கும் ஓட்ஸும் விதைத்து, வண்டியை மேலே ஓட்டி விதையை மண்ணோடு அழுத்தினான். ஓரத்தில் ஒட்டுப்பலகையில் ஒரு மறைவுக் கூண்டு கட்டினான்; அகலக் கதவு, துப்பாக்கியைத் தாங்க ஜன்னலில் ஒரு சட்டம். நிலத்தின் நடுவே ஒரு கம்பிவலை வளையம். உள்ளே இருக்கும் செடியை மான் தொட முடியாது. வெளியே எவ்வளவு மேய்ந்திருக்கிறது என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"என்ன ராலி, மானுக்கு சாலட் பந்தியா? மேஜை நாற்காலியும் போட்டுடேன்" என்றான் பக்கத்துப் பண்ணை வென்டல்.

அக்டோபரில் உறைபனி விழுந்தது; பனி பட்டால் இலை இனிக்கும், மான் தேடி வந்திருக்க வேண்டும். ஆனால் வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் செடி ஒரே உயரம். மரத்தில் கட்டி வைத்திருந்த கேமராவில் விழுந்த இரண்டொரு மான்களும் நடுநிசியில் ஓரத்தில் நின்றுவிட்டுப் போயிருந்தன. உரம் போதவில்லையோ என்று ராலி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான்.

சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜனெல் கேட்டாள்: "இன்னைக்கு எத்தனை தடவை அங்க போனே?"

"ரெண்டு. கேமரா பார்க்க ஒரு தடவை. அப்புறம் கூண்டுக் கதவு கிறீச்சுங்குது, எண்ணெய் விட."

"நேத்து?"

ராலி காபிக் கோப்பையை எடுத்தான்.

"பூட்ஸ் வாசனை, எண்ணெய் வாசனை, உன் காபி வாசனை. நான் மானா இருந்தாக்கூட அங்க வாய் வைக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் இதைச் சொல்ற ஆளு நீ."

"நீ போற இடம். எல்லாம் சரியா இருக்கான்னு..."

"குளியலறைக் கதவுக்கு வெளியில நிக்கறியே, அதே மாதிரி."

"விழுந்துட்டேன்னா?"

"விழுந்தா எழுந்துப்பேன். முடியலேன்னா போன் பண்றேன்." அவள் குரல் இறங்கியது. "இதைக் கேட்டுக்கோ, ராலி. வேட்டை சீசன் திறக்கிற அன்னைக்கு நான் தனியாத்தான் போவேன். நானா கூப்பிடற வரைக்கும் நீ வரக் கூடாது. முடியாதுன்னா என் துப்பாக்கியை வித்துடு. இனிமே நான் வெறும் நோயாளின்னு ரெண்டு பேரும் ஒத்துக்குவோம்."

அதற்குப் பிறகு ராலி அந்தப் பக்கம் போகவில்லை. தொலைநோக்கியில் பார்த்ததோடு சரி. நவம்பர் நடுவில் வளையத்துக்குள் செடி புதராக நிற்க, வெளியே தண்டுகள்தான் மிச்சம்.

சீசன் திறந்த சனிக்கிழமை விடியுமுன்னே, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கியோடு, குண்டு போடாத துப்பாக்கியை முதுகில் மாட்டி, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஜனெல் கிளம்பிப் போனாள். ராலி காபியோடு உட்கார்ந்தான்.

வெயில் மரங்களுக்கு மேலே வந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. தன்னை அறியாமலே ஒரு காலில் பூட்ஸை மாட்டிவிட்டிருந்தான். சுட்டதும் அசையாமல் உட்கார்ந்து, அடிபட்ட மான் ஓடிவிடாமல் படுக்க நேரம் கொடுக்க வேண்டும்; அது அவளுக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கி உதைத்ததில் அவள் சாய்ந்திருந்தால்? போன் பேசாமல் கிடந்தது. இன்னொரு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டே இருந்தான். காபி ஆறி ஆடை கட்டியது.

போன் அடித்தது.

"கத்தியை எடுத்துட்டு வா. கொஞ்சம் உப்பும்."

"உப்பு எதுக்கு?"

"வாயேன், கிழவா."

நிலமெங்கும் வெள்ளையாக உறைபனி. கூண்டுக் கதவிலிருந்து ஊன்றுகோலின் வட்டத் துளைகள் வரிசையாகப் போயின, பக்கத்தில் இடது கால் இழுபட்ட கோடு. பாதி வழியில் வரிசை அறுந்து, பனி அகலமாகக் கலைந்திருந்தது; நடுவில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. அதைத் தாண்டி மறுபடியும் துளைகள். ராலி அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தான்.

கொழுத்த பெட்டை மான் ஒன்று விழுந்து கிடந்தது. பக்கத்தில் கம்பிவலை வளையத்தைத் தாங்கிய கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, மேலங்கியில் மண்ணைத் துடைத்த ஒரு டர்னிப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள் ஜனெல். முழங்காலில் சேறு.

"என்ன பார்க்கறே?"

"ஒண்ணுமில்ல. நல்லா கொழுத்திருக்கு."

"எல்லாம் உன் பந்தியில தின்னதுதான். உப்பு எங்க?"

உப்புப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு, ராலி கத்தியை உருவிக்கொண்டு மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.