சாட்சிக்குக் காட்டிய கூடை

கொலைக்கு முன்னால் சாட்சியைத் தயார் செய்ய வேண்டும் என்பதை ஒதில் என்பவள் சினிமாவில்தான் கற்றுக்கொண்டாள். போன ஞாயிறு ஊர்க் கொட்டகையில் ஓடிய கொலைப் படத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

அவள் புருஷன் கஸ்தோன் கசாப்புக்கடைக்காரன். கல்யாணமான வாரத்திலிருந்தே கை நீட்டுகிறவன். போலீஸிடம் போனாள், குடும்பச் சண்டை என்று சிரித்து அனுப்பினார்கள். பாதிரியார் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கென்ன, அடி விழுவது அவர் முதுகிலா?

அக்டோபர் மாதம். ஊரே காட்டில் காளான் பறித்து, நல்லதா கெட்டதா என்று மருந்துக்கடையில் காட்டிவிட்டுத்தான் சமைக்கும். ஒதிலும் கூடை நிறைய நல்ல காளானோடு வரிசையில் நின்றாள். ஆளைக் கொல்லும் காளான் கைப்பைக்குள் இருந்தது. நாலு பேர் பார்க்கப்போவது கூடையை. சட்டியில் வேகப்போவது பையில் இருப்பது.

மருந்துக்கடை மர்செலின் சலவைக்காரி மகள். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. கூடையைக் கிளறினாள்.

"எல்லாம் நல்லதுதான். எத்தனை பேருக்கு?"

"அவருக்கு மட்டும். எனக்கு வேணாம்."

பின்னால் நின்ற பெர்த் கிழவி சிரித்துவிட்டாள். "அடியே, இந்த மாசத்துல காளான் வேணாம்னு சொல்றவள இன்னிக்குத்தான் பாக்கறேன்! புருஷன் மேல அவ்வளவு ஆசையா?"

மர்செலின் சிரிக்கவில்லை. ஒதிலின் கழுத்துத்துணிக்கு மேல் கன்றிப்போயிருந்த நீலத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளறைக் கதவைச் சாத்தியதும் கையை நீட்டினாள். "பையில இருக்கறதக் குடுங்க. அந்தப் படத்தை நானும் பாத்தேன்."

ஒதில் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மர்செலின் அதை அடுப்பில் போட்டாள்.

"அவன் செத்தா கோர்ட்டுல உங்க தலையை வெட்டச் சொல்லிடுவாங்க. போயும் போயும் அந்த மாட்டுக்கறிக்காரனுக்காகவா? மாடியில ஒரு அறை சும்மா கிடக்கு. இங்கேயே இருங்க. மத்ததை வக்கீலை வெச்சுப் பாத்துக்கலாம்."

"நான் எப்படி உங்களுக்கு..."

"முதல்ல மூக்கைத் துடைங்க."

சாயங்காலம் கஸ்தோன் வந்து கதவை இடித்தான். "எங்கடி என் பொண்டாட்டி?"

மர்செலின் வாசலை மறித்து நின்றாள். பெர்த் கிழவி ஊன்றுகோலோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"வரமாட்டாங்க. ஊரே பாக்குது, கிளம்பு" என்றாள் மர்செலின்.

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கஸ்தோன் பின்வாங்கினான். தன் உயிரைக் காப்பாற்றியவளையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

ஒதில் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுகிற அளவுக்கு அவன் உயிரோடு இருந்தான். அவளும் இருந்தாள். கடவுளுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று, கீழே கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தவளுக்கு வாய்விட்டு நன்றி சொல்லப் படியிறங்கினாள்.