இறங்காத கூரை

காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, கலாவதி தன் முழுப் பாரத்தையும் போட்டுக் கூரையைக் கீழே இழுத்தாள். அது ஒரு முழம் இறங்கியது. பிறகு உள்ளே எதிலோ இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு தரம் இழுத்தாள். செத்தவீட்டுக்கென்று உடுத்த வெள்ளைச் சேலையின் தோள்பக்கம் கறுப்பாக அழுக்குப் பட்டதுதான் மிச்சம்.

"நாசமாப் போன கூரை," என்றாள்.

மணி பத்தேகால். ஒரு மணிக்கு அவளுடைய கணவன் இராஜதுரையின் உடல் மலர்ச்சாலையிலிருந்து தகனசாலைக்குப் புறப்படும். அதற்கு முன் இந்த வாகனம் இங்கிருந்து ஒழிந்துவிட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். மனுசனை எரித்துவிட்டு வரும்போது இது இந்த முற்றத்தில் நிற்கக்கூடாது. எங்கே போனாலும் சரி, யார் கொண்டுபோனாலும் சரி.

கொண்டுபோக ஆள் தயாராகத்தான் இருந்தான். பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், கிங்ஸ்டன் என்பவனின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கிறது அந்த முற்றம். அதற்கு மேல் முதலாம் மாடியில் குடியிருக்கும் பெர்னார் என்ற ஓய்வுபெற்ற மெத்ரோச் சாரதியின் மருமகன் யோன், பிரெத்தாஞ்சிலிருந்து அதிகாலை ரயில் பிடித்து வந்திருந்தான். சும்மா தருகிறேன், இன்றைக்கே எடுத்துக்கொண்டு போ என்று கலாவதிதான் சொல்லி அனுப்பினாள். வந்தவன் நனைந்த பூனை மாதிரி ஒரு மூலையில் நின்றான். செத்தவரின் மனைவி பெட்டியில் ஏறி நின்று கூரையோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம். வெளியே போக ஒரே வழி, கட்டடத்துக்கு அடியால் குடைந்துவிட்ட வாசல். கூரை மடங்கியிருந்தால் வாகனம் ஒரு கையகல இடைவெளியில் வெளியே போகும். தூக்கியபடி இருந்தால் போகவே போகாது.

அது ஒரு பிக்கப் வண்டி. பின்பக்கத்தில் ஒரு பெட்டி வீட்டைத் தூக்கி வைத்தது போலிருக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்தினால், நாலு பக்கமும் தடித்த துணிச்சுவர் விரிந்து ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே இரண்டு பேருக்குப் படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, கைகழுவத் தொட்டி. உணவகச் சமையலறைகளில் முப்பத்திரண்டு வருடம் நின்ற இராஜதுரை, ஓய்வு பெற்ற அடுத்த மாதமே இதை வாங்கி வந்தார். புறநகரான சார்செலில் ஒன்பதாம் மாடி வீட்டின் யன்னலால் கீழே பார்க்கச் சொன்னார். கலாவதி பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

அந்த முதல் கோடையில் மகள் சாம்பவியைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் கடற்கரைப் பக்கம் போய்வந்தார். கலாவதி போகவில்லை. முழங்கால் நோவு என்றாள். வேலையில் லீவு தரவில்லை என்றாள். கக்கூசுக்கு எங்கே போவது என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு மருந்து கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கடைசியில், சாமிப்படம் இல்லாத இடத்தில் தனக்கு நித்திரை வராது, அதுவும் சாமி தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டாள். அதற்கு மட்டும் மனுசன் மருந்து கொண்டுவரவில்லை. வென்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

சார்செலில் நிறுத்த இடமில்லாததால் வாகனம் கிங்ஸ்டனின் முற்றத்தில்தான் நின்றது. இந்த மே மாதத்திலிருந்து கூரை இறங்கவில்லை. என்ன பழுது என்று கேட்டால், திருத்துகிறேன் என்பார். ஞாயிறு தவறாமல் ரயிலேறி இந்த முற்றத்துக்கு வந்து உள்ளே ஏறிக் குந்திவிடுவார். கோடை முழுக்க ஒரு பயணமும் இல்லை. "தானே திருத்தப்போய்ப் பழுதாக்கிப்போட்டார்" என்று கலாவதி கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்துச் சொல்லிச் சிரித்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமை என்றுமில்லாமல் விடியவே புறப்பட்டுப் போனார்; காலையில் கடை திறக்க வந்த கிங்ஸ்டன், இவர் உள்ளே படுக்கையில் சாய்ந்து கிடப்பதைக் கண்டான். இதயம் என்றார்கள். அதன்பின் அவள் சிரிக்கவில்லை. சனியனே, நீதானே என் மனுசனைக் கொண்டுபோனாய் என்று வாகனத்தின் மீதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"லெஸ் தொம்பே, மமோ," என்றாள் சாம்பவி. விட்டுவிடு என்று அர்த்தம். விடுகிறவள் இல்லை கலாவதி.

"உள்ளுக்கு ஏறிப் பார், எது தடுக்குதெண்டு."

"நீங்களே பாருங்கோவன்."

"நான் ஏறமாட்டன்."

சாம்பவி பின்கதவைத் திறந்து ஏறினாள். கதவு திறந்ததும் துணிச்சுவரின் வாசம் வெளியே வந்தது. வெயிலில் காய்ந்த கூடாரத் தறப்பாளின் வாசம். கலாவதி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தொண்ணூற்றைந்தில் போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது கிளிநொச்சியில் பத்து மாதம் தறப்பாள் கொட்டிலில் கிடந்தவள் அவள். அதற்குள்தான் அவளுடைய தாய் காய்ச்சலில் செத்தாள். இனிச் செத்தாலும் தறப்பாளுக்குக் கீழே படுப்பதில்லை என்று அன்றைக்கு நினைத்ததை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்கு முன்னரே பிரான்சுக்கு வந்துவிட்ட இராஜதுரைக்கு அது தெரிய வழியில்லை. முழங்கால் நோவு என்று சொல்வது சுலபமாக இருந்தது.

சாம்பவி வெளியே தலையை நீட்டினாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"அம்மா, உள்ளுக்குச் சாமி இருக்கு."

அலமாரியின் மேல் நெடுக்காக ஒரு பலகை நிறுத்தி, அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டு அடித்து, பிள்ளையார், முருகன், அம்மன் என்று மூன்று படங்கள். வண்டி ஓடும்போது விழாமலிருக்கப் படங்களையும் சேர்த்துத் திருகாணி போட்டு முறுக்கியிருக்கிறார். கூரை இறங்கினால் அந்தப் பலகையில்தான் வந்து இடிக்கிறது. இதைக் கேட்டதும் கலாவதி தலையில் கையை வைத்துக்கொண்டாள். கூரையைத் தூக்கி வைத்துக்கொண்டு அளவெடுத்திருக்கிறார். மூடும்போது அது எங்கே போகும் என்று யோசிக்க மூளை வேண்டாமா? ஒரு சாமித்தட்டை அடித்துவிட்டு அரை வருடம் அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்த மனுசனை என்னவென்று சொல்வது?

"கழட்டு," என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் நாக்கைக் கடித்தாள்.

துடக்கு. செத்தவரின் மனைவியும் மகளும் முப்பத்தொரு நாளைக்குச் சாமிப்படத்தைத் தொட முடியாது. வீட்டிலேயே சாமியறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தார்கள். இராஜதுரையின் தம்பிக்கும் அதே துடக்கு. கிரியைக்கு வரும் ஐயரைக் கேட்கலாம் என்றால் அவர் ஓல்னேயில் ரயிலேறிவிட்டார், போன் போகவில்லை. கலாவதி கடைக்குள் போய்க் கிங்ஸ்டனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் ஏறிப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"நான் வேதக்காரன், அக்கா, மாதா கோயில் ஆள். நான் கழட்டி ஏதும் உடைஞ்சுதெண்டா, பிறகு சனம் என்னைத்தான் சொல்லும். அதோட, அண்ணையைத் தூக்கி இறக்கின கை இது."

யோன் தான் கழற்றுவதாகச் சொன்னான். சப்பாத்தைக் கழற்றச் சொல்லவும் கழற்றினான். ஏறினான், இறங்கினான். திருகாணித் தலை நட்சத்திர வடிவமாம், அதற்கான திருப்புளி தன்னிடம் இல்லையாம். மாமா சந்தைக்குப் போயிருக்கிறார், வந்தால் அவரிடம் இருக்கும் என்றான். கலாவதிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு செத்தவீட்டுக் காலையில் சாமியும் ஐயரும் திருகாணியும் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவளுக்கு எதிராகச் சதி செய்தால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? காய்கறிப் பெட்டியிலேயே குந்தினாள். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. இராஜதுரையின் தம்பி மலர்ச்சாலையிலிருந்து நாலு தரம் போன் எடுத்துவிட்டார்.

பெர்னார் வந்தபோது தூறத் தொடங்கியிருந்தது. கருவிப் பெட்டியை எடுத்து வரச் சொன்னதும், அவர் முதலில் கலாவதியின் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார். பிறகு, கழற்றப்போவது எதை என்று கேட்டார். சாம்பவி காட்டினாள். கிழவர் மாடிக்குப் போய்க் கருவிப் பெட்டியோடு வந்து, அதைத் திறக்காமல் கீழே வைத்தார்.

அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னது கலாவதிக்கு நன்றாகவே விளங்கியது. இதைக் கழற்றப் பத்து நிமிடம் போதும் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர் இராஜதுரைக்குச் சொல்லியிருக்கிறார். கழற்றி வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்வா, தேவைப்பட்டால் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. கடவுளை ஒரு தரம் ஏற்றி வைத்தபின் காய்கறி மாதிரி இறக்கி ஏற்ற முடியாது என்றாராம். படங்கள் சரியாமல் தட்டு மட்டும் கூரையோடு கீழே போய், கூரையோடு மேலே வரும்படி ஏதோ ஒரு பொறி செய்யப் பார்த்தாராம். கோடை முழுக்க மரத்தை வெட்டியும் ஒட்டியும் பார்த்தார். பொருந்தவில்லை.

"நீ தனியாகவாவது போய் வா என்றேன்," என்றார் பெர்னார். "அவள் வருவாள், தட்டு சரியானால் வருவாள் என்றார்."

சாம்பவி திரும்பித் தாயைப் பார்த்தாள். கலாவதி அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை. அப்பெண்டிசைட்டிசுக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஒரு சாமிப்படமும் இல்லாமல் குறட்டை விட்டுத் தூங்கியவள் அவள். அப்போது பக்கத்தில் கதிரையில் இருந்தவர் இராஜதுரை. அதை அவர் ஒரு தரமாவது சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லிக் காட்டியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்துகிற வேகத்தில் தறப்பாளின் கதையும் வெளியே வந்திருக்கும். பாவி மனுசன், அவள் சொன்னதை அப்படியே நம்பிப் பலகை வாங்கப் போய்விட்டார்.

பெர்னார் திருப்புளியைத் தேடி எடுத்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

"வேண்டாம்," என்றாள் கலாவதி.

"என்ன வேண்டாம்?" என்றான் கிங்ஸ்டன்.

"இப்ப கழட்ட வேண்டாம். முப்பத்தொண்டு அந்தியேட்டி முடியட்டும். துடக்குக் கழிஞ்ச பிறகு நானே கழட்டுறன்."

கிங்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து கடையை விட்டுவிட்டு அலைந்தவன் அவன். மே மாதத்திலிருந்து தெருவில் நிற்கும் மரக்கறி லொறியை இன்னும் எத்தனை நாள் அங்கே விடுவது என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து ஒருவனை வரவழைத்துவிட்டு இப்படிச் சொல்லலாமா என்றான். அது நியாயம்தான். கலாவதி யோனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் பரவாயில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டான்.

"அப்ப, முப்பத்தொண்டுக்குப் பிறகு குடுப்பியளோ?" என்று கேட்டான் கிங்ஸ்டன்.

அவள் வாகனத்தின் பக்கம் திரும்பினாள். மழை வலுத்தது. துணிச்சுவரில் ஒரு பக்கத்து யன்னல் திறந்தே கிடந்தது. செவ்வாய்க்கிழமை யாரும் அதை மூடியிருக்கவில்லை. சாரல் உள்ளே அடித்தது.

"படம் நனையப்போகுது," என்றாள் தனக்குள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் காலை வைத்தாள். இந்த வாகனத்தில் அவள் ஏறுவது இதுதான் முதல்தரம். தறப்பாள் வாசம் மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே மழை துணியில் விழும் சத்தம், அதே சத்தம். ஒரு கணம் கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எட்டி யன்னலின் சிப்பை இழுத்து மூடினாள்.

மூடிவிட்டுத் திரும்பியபோதுதான் அந்தப் பலகையைக் கிட்டத்தில் பார்த்தாள். வெட்டியும் தேய்த்தும் ஒட்டியும் பலகை காயம்பட்டுப் போயிருந்தது. சாமித்தட்டுக்கு ஒரு சாண் கீழே பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. அதன் பக்கத்தில் சின்னதாகக் 'கலா' என்று எழுதியிருந்தது.

ஏப்ரலில் ஒருநாள் அடுப்பில் கறி கொதிக்கும்போது, சமையலறைக் கதவோடு அவளைச் சாத்தி நிறுத்தி, தலையில் உள்ளங்கையை வைத்து அளந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, அலுமாரி அடிக்க என்றார். கறி பிடிக்கப்போகிறது என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். சாமி தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்று சொன்ன அவளுடைய உயரத்துக்குத்தான் அந்தத் தட்டு. அவர் அவளைவிட ஒரு தலை உயரம். அந்தத் தட்டுக்குக் கீழே நின்ற நேரமெல்லாம் குனிந்தேதான் நின்றிருப்பார்.

"அம்மா, நேரம் போட்டுது," என்று வெளியிலிருந்து சாம்பவி கூப்பிட்டாள். "சித்தப்பா திரும்பவும் எடுக்கிறார்."

"வாறன்," என்றாள்.

படங்களில் பட்டுவிடாமல் கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, பலகையோடு முதுகைச் சாத்தி நிமிர்ந்து நின்றாள். உச்சந்தலை கோட்டில் சரியாக வந்து முட்டியது. துணியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சாம்பவி இரண்டாம் முறை கூப்பிடும்வரை அவள் அப்படியே நின்றாள்.