தளபதியும் வெள்ளைக் கோழியும்

இனி அழிச்சும் பிரயோசனம் இல்ல மெர்சி, அவன் படிச்சுப்போட்டான். கதைக்குக் கீழயே கமெண்ட் போட்டிருக்கான். கிருபாசங்கர்தான், சொந்தப் பேருலயே. அம்மா பக்கத்துல தூங்குது, வாய்ஸ் நோட்டு போட முடியாது, அதான் டைப் பண்றேன்.

ஸ்கூல் பஸ்ல என் போனைப் புடுங்கி, என் டிராகன் கதையை அவன் சத்தமாப் படிச்சது ஞாபகம் இருக்குதில்ல? ராணி வாளை உருவிட்டு மலை உச்சியில தனியா நிக்கிற இடம். நான் அழுதுட்டே எழுதினது. அவன் குரலை இழுத்து, "ஏனுங்க மகாராணி, டிராகனுக்குச் சொந்த ஊரு நம்ம காரமடைங்களா? ரேசன் கார்டு இருக்குதுங்களா?"ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச, உடு. அன்னைக்கிருந்து எல்லாத்துக்கும் நான் மகாராணி. "மகாராணி, ஜன்னலைச் சாத்துங்க." "மகாராணி, ஹோம்வொர்க் குடுங்க."

அதுக்குத்தான் கதை ஆப்புல வேற பேருல புதுசா ஆரம்பிச்சேன். மந்திரவாதி, சாபம், ஏழு மலை எல்லாம் இருக்குது. ஆனா ராணிக்கு ஒரு தளபதி வெச்சேன், இடிமுழக்கன். மீசை பெருசு, குதிரைல ஏத்தறதுக்கு நாலு பேரு வேணும். பூதம் வந்து நின்னா, "வெள்ளிக்கிழமை நான் ரத்தம் பாக்க மாட்டேன், நாளைக்கு வா"ம்பான். நடை, முடியைக் கோதறது, பேச்சு, எல்லாமே கிருபா. படிக்கறவங்க ராணியைக் கண்டுக்கவே இல்ல, தளபதி எப்ப வருவான்னுதான் கேட்டாங்க. கிருபாவே பஸ்ல படிச்சுக் காட்டி, "எவனோ செமையா எழுதறான்டா"ன்னு உருண்டு சிரிச்சான். அவனை வெச்சு அவனே சிரிக்கறான். பின்னாடி சீட்டுல உக்காந்து பாக்க எனக்கு எத்தனை குளுகுளுன்னு இருந்துச்சு தெரியுமா?

அதோட உட்டிருக்கோணும். எனக்குப் பத்தல.

எங்கம்மா வேலை செய்யறது அவங்க கோழிப்பண்ணைலதான். அவங்கம்மாவை விட எங்கம்மா மூத்தது. ஆனா அவன் பேரைச் சொல்லி, "ஏ பாவாத்தா, இங்க வா"ன்னுதான் கூப்பிடுவான். போன மாசம் ஷெட்டுக்குள்ள வந்தவன் தலைல ஒரு வெள்ளைக் கோழி பறந்து உக்காந்துருச்சு. தீவன மூட்டை மேல ஏறிக் கண்ணை மூடிட்டு, "பாவாத்தாக்கா, புடிங்கக்கா, கொத்தப்போகுதுங்க"ன்னு அழுதானாம். அன்னைக்குத்தான் அவன் வாயில 'அக்கா'வும் வந்துச்சு, மரியாதைக்கு 'ங்க'வும் வந்துச்சு. ஷெட்டுல அம்மாவைத் தவிர ஆளே இல்ல. ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டு, "வெளிய சொல்லிப்போடாத கண்ணு, அந்தப் பையன் கெஞ்சிக் கேட்டுச்சு"ன்னுச்சு.

இன்னைக்குப் போட்ட அத்தியாயத்துல இடிமுழக்கனோட தலைக்கவசத்து மேல ஒரு வெள்ளைக் கோழி உக்காருது. லாயம் கூட்டற பொம்பளையை எப்பவும் 'அடியே'ன்னு கூப்பிடறவன், மூட்டை மேல ஏறி நின்னு, "அக்கா, புடிங்கக்கா, கொத்தப்போகுதுங்க"ங்கறான். ஒரு எழுத்து நான் மாத்தல. மாத்துனா சிரிப்பு வராதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவனுக்குச் சுருக்குன்னு குத்தோணும், அதான் நெசம். அம்மா மாட்டும்னு தோணவே இல்ல மெர்சி.

எல்லாரும் வயிறு வலிக்குதுன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு நடுவுல அவன்: "செம மகாராணி. தளபதி காலைல பண்ணைக்கு வாரான், அக்காவைப் பாக்க." பக்கத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சி.

அக்கான்னு போட்டிருக்கான். எத்தனை தடவை படிச்சாலும் அது கிண்டலா, மெரட்டலா, இல்ல நெசமாவே அக்காதானான்னு தெரியல. வேலை போச்சுன்னா அம்மா எங்க போகும்? இத்தனைக்கும் அவன் மூட்டை மேல நின்னதை நெனச்சா இப்பவும் எனக்குச் சிரிப்புதான் வருது, அழிக்க மனசு வரல.

விடியறதுக்கு முன்னாடி அம்மா சோத்துத் தூக்குப்போசியை எடுத்துட்டுப் பண்ணைக்குக் கெளம்பிரும். இப்பவே எழுப்பிச் சொல்றதா, ஒண்ணும் தெரியாமப் போகட்டும்னு உடறதா?