ஐந்துக்கு ஐந்து

நடந்தால் மறதி குறையும் என்று நிரூபிப்பதற்காக அந்த ஆய்வாளர் சில வருடங்களாக நாயாய் அலைந்துகொண்டிருந்தாள். மறதிநோய் கண்டவர்களைத் தினமும் காலையில் நடக்க வைப்பாள். மாதம் ஒருமுறை வரவழைத்து நினைவைச் சோதிப்பாள். ஸ்கேன் எடுத்து மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். அவர்களும் நடந்தார்கள். முழங்கால் வலிக்கிறது என்றார்கள். மறதி மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்தான் விதிவிலக்கு.

சோதனை சின்னது. கத்தரிக்கோல், யானை, கதவு, எலுமிச்சை, ஊதா என்று ஐந்து வார்த்தை சொல்வாள். வேறு ஏதாவது பேசிவிட்டுத் திருப்பிக் கேட்பாள். முதல் மாதம் டிரைவருக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதம் இரண்டு வந்தது. அதற்கடுத்த மாதம் ஐந்தும் வந்தன, பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோல் வரிசை பிசகாமல். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, மாநாட்டில் எப்படித் தொடங்குவது என்பதுவரை யோசித்துவிட்டாள். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் மட்டும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இந்த மூளைக்கு இந்த மார்க் கொஞ்சம் அதிகம் என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்காமல், அடுத்த முறைக்கு வார்த்தைகளை மாற்றிவைத்தாள்.

அன்றைக்கு டிரைவர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில், எப்போதும்போல, அவர் மனைவி.

"ஐயா, இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப்போறேன். கவனமா கேளுங்க."

"கத்தரிக்கோல், யானை, கதவு, எலுமிச்சை, ஊதா" என்றார் டிரைவர்.

அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் முகத்தில், வண்டியை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய பெருமை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, ஆய்வாளர் நாற்காலியை அந்த அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த அம்மா முதலில் மழுப்பினாள். நடைப்பயிற்சியின் மகிமை என்று ஆராய்ச்சிக்கே சாட்சி சொல்லிப் பார்த்தாள். பிறகு, வீட்டில் தான்தான் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டாள்.

"முதல் தடவை இங்க வந்துட்டுப் போனாரே, அன்னைக்கு முழுக்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தாரு. எங்க போனோம், யாரு கேட்டாங்க, ஒண்ணும் ஞாபகமில்ல. தோத்துட்டோம்ங்கறது மட்டும் மறக்கல. எனக்குப் பொறுக்கலம்மா."

நினைவு அழிந்தாலும் அது விட்டுச்சென்ற உணர்ச்சி தங்கும் என்று ஆய்வாளரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறாள். அந்த உணர்ச்சி தன் அறையிலிருந்தே கிளம்பி ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. கோபப்படலாமா என்று பார்த்தாள், வரவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். தப்பு வருவதற்கு முன்னால் தானே எடுத்துக்கொடுத்து, சொன்ன உடனே ஒருமுறை, சற்றுத் தள்ளி ஒருமுறை, பிறகு இன்னும் தள்ளித் தள்ளி என்று கேட்டதாக அந்த அம்மா சொன்னாள். மறதிக்காரர்களுக்கு இப்படிப் பழக்கலாம் என்பது ஆய்வாளர் அறிந்த முறைதான். ஆனால் இவ்வளவு பிடிவாதமாகச் செய்தவர்களை அவள் பார்த்ததில்லை.

"யானையையும் எலுமிச்சையையும் வச்சுக்கிட்டு அவரு என்னம்மா பண்ணுவாரு? உருப்படியா ஒண்ணு பழக்குவோமே" என்றாள் ஆய்வாளர்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்றாள் மனைவி. சரி, அணைக்கப் பழக்குவது என்று முடிவாயிற்று.

டிரைவரைக் கணக்கிலிருந்து நீக்கியதும் நடைப்பயிற்சி ஆராய்ச்சி படுத்துவிட்டது. பலன் எதுவும் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். பேராசிரியர் தேவைக்குமேல் கிண்டல் செய்யாமல், இப்படிப் பழக்கிப் பார்க்கும் புதிய ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்கள் கழித்து மனைவி போன் செய்தாள். பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, மறுமுனையில் பெருமூச்சு வந்தது.

"நல்லாவே அணைக்கிறாரு. நான் சமைச்சுக்கிட்டு இருக்கும்போதும் அணைக்கிறாரு. எல்லாத்தையும் அரைவேக்காடாத்தான் சாப்பிடுறோம்."

ஆய்வாளர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்படியானால் நிறுத்திவிடலாமா என்றாள்.

"ஐயோ, வேண்டாம். நான் இல்லேன்னா வீடே எரிஞ்சிருக்கும்னு சொல்லிக்கிட்டு நாள் முழுக்கச் சந்தோஷமா இருக்காரு. அவரு அந்தப் பக்கம் போனதும் நான் திரும்பப் பத்தவச்சுக்கறேன்."