ஏழு டிரில் பிட்டுகள்

வியாழக்கிழமைத் தபாலில் அந்தக் கடிதம் வந்தபோது ரோலண்ட் டட்ரிட்ஜ் டகோட்டா விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பிரித்தது பெவ் நிப்லெட். போர்க்கால விமானத் தளம் ஒன்றில் இருந்த அந்தச் சிறிய விமான அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு, தேநீர், தபால், வாய்ச்சண்டை எல்லாம் அவள் பொறுப்பு.

"ரோலண்ட், உனக்கு ஒரு காதல் கடிதம்."

"அங்கிருந்தே படி. காது நல்லாத்தான் கேக்குது."

எழுதியவர் பெயர் ஹெஸ்டர் ஸ்டான்கூம். வயது எழுபத்தொன்று. போர்க்காலத்தில் இதே தளத்தில் மெக்கானிக்காக இருந்த பெண். செய்தித்தாளில் டகோட்டாவின் படத்தையும் வாலில் இருந்த எண்ணையும் பார்த்திருக்கிறார். 1944 செப்டம்பரில் ஹாலந்துக்குப் போய்ப் பொத்தலோடு திரும்பிவந்த அந்த விமானத்துக்கு, பின்கதவுக்குக் கீழே ஒட்டுப் போட்டவர் அவர்தானாம். அந்த ஒட்டைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று முடித்திருந்தார்.

பெவ் குனிந்து பார்த்தாள். ரோலண்ட் துணியை மார்பில் வைத்தபடி, மேலே இருந்த தகட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி கிடக்க?"

"அந்த ஒட்ட நான் மார்ச்சுலயே கழட்டிட்டேன், பெவ்."

ரோலண்ட் முப்பத்திரண்டு வருடம் பஸ் கம்பெனியில் டிங்கர் வேலை பார்த்தவர். நசுங்கிய எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால்கூடச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். பழைய விமானங்களைக் கட்டிக்கொண்டு அழும் தன்னார்வலர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை அதற்குக் கொடுத்துவிடுவார்கள். ரோலண்டுக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. பின்கதவுக்குக் கீழே கோணல்மாணலாக ஒரு தகடு. ஒரு வரிசையில் ஒன்பது ரிவெட் ஆணி, எதிர் வரிசையில் பதினான்கு. போர் முடிந்தபின் சரக்கு ஏற்றிய ஏதோ கம்பெனிக்காரன் அவசரத்தில் அடித்த குப்பை என்று தானே முடிவுகட்டி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கி எறிந்துவிட்டு, வெண்ணெய்போல வழுவழுப்பான புதுத் தகட்டைப் பதித்தார். ஆறு வாரம் அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினார். கழித்த தகரத்தைப் போடும் தொட்டி காலியாக இருந்தது. ஏப்ரலிலேயே பழைய உலோகம் எடுக்கிறவன் வந்து போயிருந்தான்.

"ஒரு அலுமினிய ஒட்டு, பெவ். பாத்தியா?"

"நான் டீ போடுறவ. ஒட்டு எண்ணுறவ இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. பத்தரைக்கெல்லாம் ரோலண்ட் ஒரு பெரிய விளம்பரப் பலகையை இழுத்துவந்து, பின்கதவுக்குக் கீழே அந்த இடத்தை மறைத்தாற்போல நிறுத்தினார். பெவ் அதைப் பார்த்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

ஹெஸ்டர் ஸ்டான்கூம் கைத்தடியோடு, நனைந்த மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். குட்டையான உருவம். வணக்கம்கூட முழுசாகச் சொல்லவில்லை. விறுவிறுவென்று விமானத்தின் இடப்பக்கம் போனார். பலகையைத் தடியால் ஒரு தள்ளு தள்ளினார். குனிந்தார். விரலால் தகட்டைத் தடவினார்.

நிமிர்ந்தார்.

"நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை. என்னோடது இல்ல."

ரோலண்ட் பலகையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

"அப்ப மாத்திட்டாங்க," என்றார் ஹெஸ்டர். "சார்ஜென்ட் சொன்னதுதான் சரி. எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. சரியான ரிவெட் தீந்து போச்சு. வேற பெட்டியில கெட்டி ரிவெட் இருந்துச்சு. பயத்துல அதையே அள்ளி அடிச்சேன். எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு அந்த ஆள் சொன்னார், 'பாருங்கடா, இந்தப் பொண்ணு அடிச்ச ஒட்டு ரெண்டு ட்ரிப் தாங்காது'ன்னு. சாயங்காலமே அவசரம்னு விமானத்த வேற தளத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. உள்ள நாலு பையனுங்க. அதுக்கப்புறம் நான் அதப் பாக்கவே இல்ல."

"விமானம்தான் தப்பிச்சு வந்திருக்கே, மிஸ் ஸ்டான்கூம்," என்றாள் பெவ்.

"விமானம் தப்பிச்சது தெரியும்மா. என் ஒட்டோட தப்பிச்சுதா, இல்ல அடுத்த தளத்துல எவனாவது தலையில அடிச்சுக்கிட்டு அதப் பிச்சுட்டு வேற போட்டானா? அதுதான் அம்பது வருஷமா தெரியல. சரி, இப்பத் தெரிஞ்சு போச்சு." சொல்லிவிட்டு மழைக்கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "பன்னெண்டே காலுக்கு ஒரு பஸ் இருக்குல்ல?"

ரோலண்ட் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கிழவி பஸ் ஏறிவிடுவார். புதுத் தகடு அப்படியே இருக்கும். இன்னும் இரண்டு வாரத்தில் அந்த ஹாலந்துப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. கூட்டம் வந்து பார்க்கும், பாராட்டும். இதெல்லாம் அவர் மனதில் ஓடியது உண்மை. அதற்காக அவர் பின்னால் பல நாள் வெட்கப்பட்டார்.

"போகாதீங்க," என்றார். "இத யாரும் அப்ப மாத்தல. நான்தான் மாத்தினேன். இந்த மார்ச்சுல. உங்க ஒட்டு அதுவரைக்கும் அங்கயேதான் இருந்துச்சு."

ஹெஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வயசானவ மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

"இல்ல, சத்தியமா..."

"அப்ப காட்டுங்க."

"காட்ட என்கிட்ட இல்ல. குப்பையில போட்டுட்டேன்."

"அப்ப பொய்யாவும் இருக்கலாம்," என்றார் ஹெஸ்டர், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ரோலண்டுக்குத் தோன்றியது.

பெவ்தான் குறுக்கே புகுந்தாள். சண்டையோ சாவோ, எதுவானாலும் ஒரு கோப்பை தேநீருக்குப் பிறகுதான் என்பது அவள் சட்டம். இருவரையும் மூலையிலிருந்த மேசையில் உட்காரவைத்து, தட்டு நிறைய கோப்பைகளும் பழக்கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். தட்டின் மேல் வழக்கம்போல ஒரு பூப்போட்ட துவாலை.

ஹெஸ்டர் கோப்பையை எடுத்தார். இன்னொரு கை சும்மா துவாலையின் ஓரத்தில் கிடந்தது. அந்தக் கை ஏதோ தட்டுப்பட்டாற்போல நின்றது. விரல்கள் துணிக்கு மேலேயே மெல்ல நகர்ந்தன. நின்றன. மறுபடி நகர்ந்தன. ரோலண்ட் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தட்டு எங்கம்மா வாங்கினது?"

"வாங்கறதா? இங்கயா?" என்றாள் பெவ். "பழசு உடைஞ்சு போச்சு. வசந்தகாலத்துல தகரத் தொட்டியில கிடந்துச்சு, எடுத்து ஓரத்த மடக்கிக்கிட்டேன். ஒரே ஓட்டையா இருந்ததால துணி போட்டு..."

பாதியில் நிறுத்தினாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீ ஒட்டுன்னு சொன்னப்ப நான் உள்ளங்கை அகலம்னு நெனச்சேன், ரோலண்ட்!"

கோப்பைகளை மூன்று பேரும் ஆளுக்கொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்கள். கேக் தரையில் விழுந்தது, யாரும் குனியவில்லை. துவாலையை உருவினார் ஹெஸ்டர். பழைய பச்சைப் பெயின்ட். ஒரு பக்கம் ஒன்பது ஓட்டை. எதிர்ப்பக்கம் பதினான்கு, குடிகாரன் நடந்துபோன மாதிரி.

"கடவுளே, என்ன கோரம்," என்றார் ஹெஸ்டர். கண்ணில் நீர் நின்றது. "இவ்வளவு மோசம்னு எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஆறு மாசமா இதுல வெச்சுத்தான் டீ குடிக்கிறேன்," என்றார் ரோலண்ட். அவமானத்தில் காது சிவந்திருந்தது. பிறகு நாற்காலியை ஹெஸ்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிஸ் ஸ்டான்கூம், ஒண்ணு சொல்றேன். இத நான் சுளுவாப் புடுங்கிட்டேன்னு நெனைக்காதீங்க. ரெண்டு முழு நாள் ஆச்சு. டிரில்லால துளைச்சு எடுக்கப் பாத்தா உங்க கெட்டி ரிவெட் அசையவே மாட்டேன்னுச்சு. ஏழு டிரில் பிட்டு உடைஞ்சுது. ஏழு! முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஆனதே இல்ல. அடிச்சவன் யாருன்னு தெரியாம, நான் திட்டாத திட்டு இல்ல."

"திட்டினீங்களா?"

"வாயில சொல்ல முடியாத திட்டு."

ஹெஸ்டர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அழுகையும் கூடவே வந்தது. பெவ் அவருக்குக் கைக்குட்டை தேடினாள், கிடைக்கவில்லை, அந்தப் பூப்போட்ட துவாலையையே கொடுத்தாள். பன்னிரண்டே கால் பஸ் போயிற்று. அதற்கடுத்த பஸ்ஸும் போயிற்று. ரோலண்ட் உடைந்த பிட்டுகளைப் போட்டுவைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். ஹெஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

"ஏழு," என்றார், எண்ணி முடித்துவிட்டு. "சார்ஜென்ட் ரெண்டு ட்ரிப்புன்னார்."

மறுநாள் காலை ரோலண்ட், பெவ் மடக்கிய ஓரங்களை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். மடிப்பை நேராக்கினார், ஆனால் ஹெஸ்டரின் கோணலைத் தொடவில்லை. முதல்முறையாக அவர் கை அப்படி அடங்கி நின்றது. பழைய ஓட்டைகளின் அளவுக்கே கெட்டி ரிவெட் இருபத்துமூன்றை எடுத்துவைத்தார். ஹெஸ்டர் புதன்கிழமை வந்து முதல் ரிவெட்டைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

பிறகு டிரில்லை எடுத்துக்கொண்டு டகோட்டாவின் அடியில் படுத்து, ஆறு வாரம் தடவித் தடவிப் பார்த்த தன் சொந்தத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார். மதியம்வரை ஆகும் என்று பெவ்விடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அரை மணி நேரத்தில் கையில் தகட்டோடு வெளியே வந்தார்.

"என்ன, அதுக்குள்ளயா?" என்றாள் பெவ். "எத்தன பிட்டு உடைஞ்சுது?"

ரோலண்ட் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணுகூட இல்ல," என்றார். "இந்தா, உனக்குப் புதுத் தட்டு."